கஞ்சாவும் இதயமும்: எழுநூறு ஆண்டு விவாதத்தில் கேட்கப்படாத கேள்வி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கஞ்சாவைப் பற்றி நம் ஜமாஅத்துகளில் பேச்சு எழும்போதெல்லாம் அது கல்லூரி மாணவர்களைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. ஆனால் கருவடிக்குப்பம் போன்ற ஊர்களில் மார்க்கச் சட்டம் கேட்டு வருவோரில் நாற்பதை நெருங்கிய, நாற்பதைக் கடந்த ஆண்களும் உள்ளனர். குடும்பம், கடை, வாகனம், கடன் என்று பொறுப்புகளைச் சுமப்பவர்கள், மதுவைத் தொடாதவர்கள், தொழுகையை இயன்றவரை பேணுபவர்கள். இரவில் உறக்கம் வரவும் உடல்வலி தணியவும் சிறிது கஞ்சா புகைப்பதை மட்டும் விட மனமில்லாதவர்கள்.

அவர்கள் முன்வைக்கும் வாதங்கள் மூன்று. குர்ஆனில் கஞ்சாவின் பெயர் இல்லை என்பது முதல் வாதம். ஆங்கிலேயர் காலத்திலேயே ஓர் ஆணையம் ஆராய்ந்து, அளவோடு பயன்படுத்தினால் கேடில்லை என்று கூறிவிட்டது என்பது இரண்டாவது வாதம். சிறிதளவு எடுத்தால் புத்தி தடுமாறுவதில்லை, ஆகவே அது போதையாகாது என்பது மூன்றாவது வாதம்.

மூன்றும் வரலாற்றைத் துணைக்கு அழைக்கும் வாதங்கள். எனவே அந்த வரலாற்றையே எடுத்துப் பார்ப்போம். அதில் ஒரு வியப்பான செய்தி உண்டு. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மூலிகையை விசாரித்தவர்கள், மார்க்க அறிஞர்களாயினும் அரசாங்கத்தாராயினும், பெரும்பாலும் அறிவைப் பற்றியே கேட்டார்கள்: இது புத்தியைக் கெடுக்கிறதா? இதயத்துக்கு இது என்ன செய்கிறது என்ற கேள்வியைத் தனியே எடுத்துக் கேட்கும் கருவிகள் அவர்களிடம் இல்லை. அக்கேள்விக்கு விடை வரத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அந்த விடை, மேற்கண்ட மூன்று வாதங்களின் அடித்தளத்தையும் அசைக்கிறது.

முஸ்லிம் நாடுகளுக்கு வந்த மூலிகை

நபி (ஸல்) அவர்களின் காலத்து அரபு மக்கள் மதுவை அறிந்திருந்தார்கள். கஞ்சாவை ஒரு போதைப் பழக்கமாக அறிந்திருக்கவில்லை. அது முஸ்லிம் நாடுகளில் பரவலாகப் பேசப்படுவது ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 7ஆம் நூற்றாண்டிலும்தான். தாத்தாரியரின் படையெடுப்புக் காலத்தை ஒட்டியே இது தோன்றியது என்று இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் எழுதினார்கள். குராசானில் வாழ்ந்த ஷைகு ஹைதர் என்ற துறவியே இதைக் கண்டறிந்து தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்ற கதை ஒன்றும் உலவியது. அவர் மீது வீணாகச் சுமத்தப்பட்ட பழி அது என்று மறுத்தவர்களும் அக்காலத்திலேயே இருந்தார்கள்.

1248இல் மறைந்த மூலிகை மருத்துவ மேதை இப்னுல் பைத்தார், எகிப்தின் தோட்டங்களில் இச்செடி பயிரிடப்படுவதைக் கண்டு எழுதியுள்ளார். அதை அவர் இந்தியச் சணல் என்ற பெயரால் குறித்தார். நம் நாட்டின் பெயர் அச்செடியோடு அன்றே ஒட்டிக்கொண்டது.

1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கஞ்சாவின் மீது வசூலிக்கப்பட்ட வரியை ஒழித்து, அதைத் தடை செய்தார். வருவாயை இழந்தே அவர் அதைத் தடுத்தார் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இது தேவைப்படும். ஆயினும் தடை நிலைக்கவில்லை. வரலாற்றாசிரியர் மக்ரீஸீ தரும் செய்தியின்படி, ஹிஜ்ரி 780 அளவில் ஸூதூன் என்ற அமீர் கெய்ரோவில் கஞ்சாச் செடிகளை அழித்ததோடு, அதை உண்டவர்களின் பற்களைப் பிடுங்கும் தண்டனையும் கொடுத்தார். அதற்குச் சில பதிற்றாண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 815 வாக்கில், மக்கள் அதை வெட்கமின்றி வெளிப்படையாகவே பயன்படுத்தினார்கள் என்று அதே ஆசிரியர் வருந்தி எழுதுகிறார். பல்லைப் பிடுங்கியும் பழக்கத்தைப் பிடுங்க முடியவில்லை.

அறிவு என்னும் அளவுகோல்

புதிதாக வந்த ஒரு பொருளுக்குச் சட்டம் காண வேண்டிய நிலை இமாம்களுக்கு ஏற்பட்டது. குர்ஆன் விலக்கியது கம்ரை. கம்ர் என்றால் திராட்சை மது மட்டும்தானா? அறிவை மறைக்கும் எதுவும் கம்ரே என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. போதை தருவன அனைத்தும் விலக்கப்பட்டவை என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதிக அளவில் போதை தருவதன் சிறிய அளவும் ஹராமே என்ற நபிமொழியை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். போதை தருவதோடு, உடலையும் உணர்வையும் தளரச் செய்வதையும் சேர்த்து நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியும் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. பெயர் குர்ஆனில் இல்லை என்ற முதல் வாதத்துக்கு இவையே விடை. சட்டம் பெயரின் மீது நிற்கவில்லை. விளைவின் மீது நிற்கிறது.

கஞ்சா ஹராம் என்பதில் இமாம்கள் பெரும்பாலும் ஒன்றுபட்டார்கள். ஏன் ஹராம், எந்த வகையில் ஹராம் என்பதில் கருத்து வேறுபட்டார்கள். இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் அதை மதுவுக்கு நிகராக வைத்து, மதுவுக்குரிய தண்டனையையே அதற்கும் கூறினார்கள். கெய்ரோவில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் இதற்கென்றே தனி நூல் எழுதினார்கள். 1392இல் மறைந்த அவர்களும் அதைப் போதைப் பொருளாகவே கருதினார்கள்.

1285இல் மறைந்த மாலிகீ அறிஞர் கராஃபீ (ரஹ்) அவர்களின் பார்வை வேறு. மனிதனை மயக்கும் பொருள்களை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். உள்ளத்தில் களிப்பை ஊட்டி அறிவை மறைப்பது ஒன்று. புலன்களையே உறங்கச் செய்வது மற்றொன்று. களிப்பின்றி அறிவைக் கெடுப்பது மூன்றாவது. கஞ்சாவை அவர்கள் மூன்றாம் வகையில் சேர்த்தார்கள். அந்த வகைக்கு மதுவுக்குரிய தண்டனை இல்லை. அது அசுத்தமும் ஆகாது. அறிவைத் தொடாத மிகச் சிறிய அளவின் சட்டமும் வேறுபடும் என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

இன்று, சிறிதளவுதானே என்று பேசுவோர் கராஃபீ (ரஹ்) அவர்களின் நூலைப் படித்தவர்கள் அல்லர். எனினும் அவர்களின் வாதம் வந்து நிற்குமிடம் இதுதான். அளவுகோல் அறிவு, அறிவு தொடப்படவில்லையென்றால் தடையும் இல்லை. அந்த இமாம் தம் காலத்து மருத்துவம் காட்டிய தீங்கை வைத்துச் சட்டம் சொன்னார்கள். அறிவைத் தொடாத அளவும் வேறோர் உறுப்பைத் தொடுகிறது என்று அவர்களிடம் யாராவது கூறியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதே நம் கேள்வி.

தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் ஹைத்தமீ (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்தவர்கள். பெரும்பாவங்களைத் தொகுத்த அஸ்ஸவாஜிர் என்ற நூலில் கஞ்சாவையும் அவர்கள் சேர்த்தார்கள். அதில் 120 தீங்குகள் இருப்பதாக ஓர் அறிஞர் தொகுத்ததையும் எடுத்துக் காட்டினார்கள். மறதி, தலைவலி, வெட்கம் போய்விடுதல், தொழுகையை விடுதல் என்று நீளும் அப்பட்டியலின் நடுவே திடீர் மரணம் என்பதும் ஒன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இதைக் கண்டவுடன், இதய மருத்துவத்தை நம் முன்னோர்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டார்கள் என்று பகிரி வழியாகச் செய்தி பரப்பக் கூடாது. அதே பட்டியலில் தொழுநோயும் வெண்குட்டமும் உள்ளன. கஞ்சா அவற்றை உண்டாக்குவதாக மருத்துவம் கூறவில்லை. அந்தப் பட்டியல் ஓர் ஆய்வின் முடிவன்று. கண்டதையும் கேட்டதையும் அஞ்சியதையும் ஒன்றாகக் கோத்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. கஞ்சா உண்டவர் சிலர் திடீரென்று இறந்துபோவதை யாரோ கண்டிருக்கிறார்கள். அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். 120இல் ஒன்றாக நின்ற அந்தச் சொல்லின் மேல் நின்று, ஏன் என்று கேட்பதற்கான கருவி எவரிடமும் இருக்கவில்லை.

இந்தியாவில்: சுல்தானின் கனவும் அரசாங்கத்தின் கணக்கும்

இந்தியாவில் கஞ்சா மருந்தாகவும் இருந்தது. துறவிகளின் புகையாகவும், அரண்மனைகளின் இனிப்பாகவும் இருந்தது. சித்த மருத்துவம் அதைக் கோரக்கர் மூலி, சிவமூலி என்ற பெயர்களால் அறிந்து, வேறு சரக்குகளோடு சேர்த்து மருந்துகளில் பயன்படுத்தியது. முஸ்லிம்களிடையே அது நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த மாஜூனாக உலவியது. பேரரசர் பாபர் 1527இல் மதுவைத் துறந்த பின்பும் மாஜூன் உண்பதை விடவில்லை என்பது அவர் எழுதிய வரலாற்றிலிருந்தே தெரிகிறது. மதுவைப் பாவமென்று விட்டவர், மாஜூனை அப்படிக் கருதவில்லை. நம் காலத்து வாதத்துக்கு ஓர் அரசரே முன்னோடி.

கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில் குஜராத்தின் சுல்தான் பகதூர் ஷாவைப் பற்றி ஒரு செய்தி உண்டு. இரவில் போர்ச்சுகல், துருக்கி, அரேபியா எங்கும் சென்றுவர விரும்பினால் தமக்குச் சிறிது பங்கு போதும் என்று அந்தச் சுல்தான் சொன்னாராம். இங்கும் பேசப்படுவது மனம் எங்கே போகிறது என்பதே.

1839இல் கல்கத்தாவில் ஓஷானெஸி என்ற அயர்லாந்து மருத்துவர் கஞ்சாவை விலங்குகளிடமும் நோயாளிகளிடமும் சோதித்து, வலிப்புக்கும் வாதநோய்க்கும் அதைப் பரிந்துரைத்தார். மேலை மருத்துவத்துக்குள் அது நுழைந்தது அவர் வழியாகத்தான்.

அதே நூற்றாண்டில் ஆங்கில அரசு கஞ்சாவை ஒரு வருவாய்ப் பொருளாக ஆக்கிக்கொண்டது. வங்காளத்தின் நவ்காவ்ன் பகுதி அதற்குப் பெயர் பெற்றது. சென்னை மாகாணத்தில் ஜவ்வாது மலைப் பகுதியிலும் கிருஷ்ணா மாவட்டத்திலும் அது பயிரானது. உரிமம் பெற்ற கடைகளில் அது விற்கப்பட்டது. அரசு வரி வாங்கியது. பைபர்ஸ் ஒழித்த வரியை இந்த அரசு வளர்த்தது.

1893 மார்ச்சில், கெய்ன் என்ற உறுப்பினர் லண்டன் நாடாளுமன்றத்தில் இதைக் கேள்வியாக எழுப்பினார். மது எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்தவர் அவர். இந்தியாவின் மனநோய் மருத்துவமனைகள் கஞ்சா புகைப்பவர்களால் நிறைந்திருக்கின்றன என்ற குற்றச்சாட்டு அப்போது பரவியிருந்தது. அதன் விளைவாக அவ்வாண்டிலேயே அமைந்ததுதான் இந்தியக் கஞ்சா ஆணையம். மெக்வொர்த் யங் அதன் தலைவர். ஆங்கிலேயரோடு இந்தியர் மூவரும் அதில் உறுப்பினராக இருந்தனர். ஆணையத்தினர் நாடு முழுவதும் சுற்றி 1,193 சாட்சிகளிடம் வாக்குமூலம் பெற்று, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை அளித்தனர்.

அந்த ஆணையத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மனநோய் மருத்துவமனைப் பதிவேடுகளை அது ஒவ்வொன்றாகச் சோதித்தது. காரணம் தெரியாத நோயாளிக்கெல்லாம் கஞ்சா என்று எழுதிவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்ததைக் கண்டறிந்து வெளிப்படுத்தியது. மிதமான பயன்பாட்டினால் பெரும் தீங்கில்லை, மிகையான பயன்பாடு தீங்கானது, முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்பதே அதன் முடிவு.

இரண்டாவது வாதத்தைச் சொல்வோர் இந்த முடிவையே சுட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆணையம் எதைக் கேட்டது? மனம் கெடுகிறதா, ஒழுக்கம் கெடுகிறதா, குற்றம் பெருகுகிறதா என்று கேட்டது. உடலைப் பற்றிக் கேட்டபோது மூச்சிரைப்பு, மார்புச்சளி, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றையே முதன்மையாகக் கேட்டது. மாரடைப்பைப் பற்றி அது கேட்டிருக்கவே முடியாது. மேற்கையில் கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி வெளியிட்டது 1896இல். அறிக்கை வந்து இரண்டாண்டுகளுக்குப் பின். இதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாகப் பதியும் ஈ.சி.ஜி. கருவியை ஐந்தோவன் உருவாக்கியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இதயத் தமனியில் இரத்தம் உறைந்து ஏற்படும் மாரடைப்பை, உயிரோடிருக்கும் நோயாளியிடம் அடையாளம் காணலாம் என்று ஹெரிக் விளக்கி எழுதியது 1912இல். கஞ்சாவில் இயங்கும் முதன்மைப் பொருளான டி.ஹெச்.சி. பிரித்தறியப்பட்டது 1964இல்.

ஆகவே 1894இல் ஒருவர் கஞ்சா புகைத்த ஒரு மணி நேரத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்திருந்தால், அது ஏழு தொகுதிகளில் எங்கும் கஞ்சாவின் கணக்கில் ஏறியிருக்காது. வாயு என்றோ விதி என்றோ எழுதப்பட்டிருக்கும். கேட்காத கேள்விக்கு, கேடில்லை என்பது விடையாகாது.

சட்டம் மாறும், வருவாயோடு சேர்ந்து மாறும்

நாம் வாழும் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். 1815இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பிரெஞ்சு இந்தியாவின் உப்பு உரிமைக்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு இலட்சம் சிக்கா ரூபாயும், விலைக்கு 300 பெட்டி அபினும் ஆங்கிலேயர் தர வேண்டியிருந்தது. போதைப்பொருள் இரு பேரரசுகளின் ஒப்பந்தத்தில் உப்புக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட காலம் அது. அதே பிரான்சின் படை எகிப்தில் இருந்தபோது, 1800இல், அதன் தளபதி மெனூ கஞ்சாவைத் தடை செய்தார். ஓரிடத்தில் வணிகம், ஓரிடத்தில் தடை.

1925இல் ஜெனீவாவில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் இந்தியக் கஞ்சாவையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று வலியுறுத்தியது எகிப்து. தன் மக்களிடம் அதன் விளைவைக் கண்ட ஒரு முஸ்லிம் நாட்டின் குரல் அது. பின்னர் 1961இன் பன்னாட்டு உடன்படிக்கையும், இந்தியாவில் 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் வந்தன. இச்சட்டம் கஞ்சாப் பூவையும் சரஸையும் தடுக்கிறது. தனித்த இலையான பங்கை விட்டுவிடுகிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்தபோது, ஆதரித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மருத்துவ ஆராய்ச்சிக்கு வழிவிடுவதே அதன் நோக்கம். கட்டுப்பாடு இன்னும் நீடிக்கிறது.

மதுக்கடைகள் நிறைந்த இவ்வூர் முஸ்லிம்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அரசு அனுமதித்தது நல்லதென்றும் ஆகாது. அரசு தடுத்ததனால் மட்டுமே ஒன்று தீயதென்றும் ஆகாது. சட்டத்தைக் காட்டி ஒரு பழக்கத்தை நியாயப்படுத்துபவர், சட்டம் மாறும்போது தம் உடலும் மாறுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதயம் சொல்லும் சாட்சி

இனி மருத்துவம் என்ன கண்டது என்று பார்ப்போம்.

கஞ்சா புகைத்த சில நிமிடங்களில் நாடித்துடிப்பு உயர்கிறது. நிமிடத்துக்கு 20 முதல் 50 துடிப்பு வரை கூடலாம். இதயம் வேகமாகத் துடிக்கும்போது அதற்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். அதே நேரத்தில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், சிகரெட்டைவிடக் கஞ்சா புகைத்தபோது இரத்தத்தில் இந்த நச்சுவாயுவின் உயர்வு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. உள்ளே தங்கிய தார் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகையை ஆழமாக இழுத்து நெஞ்சில் நிறுத்திவைப்பது இதற்குக் காரணம். கடன் கேட்டு நிற்பவனின் செலவைக் கூட்டி, அதே நாளில் அவன் வரவையும் குறைப்பது போன்றது இது.

தமனிகளில் முன்பே அடைப்பு உள்ளவரின் நிலை என்ன? உழைக்கும்போது மார்புவலி வரும் பத்து நோயாளிகளிடம் 1974இல் அமெரிக்காவில் சோதித்தபோது, ஒரு கஞ்சா சிகரெட்டுக்குப் பின் அவர்கள் வலியின்றி உடற்பயிற்சி செய்யக்கூடிய நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

2001இல் வெளியான மற்றோர் ஆய்வு மாரடைப்பிலிருந்து தப்பிய 3,882 பேரிடம் விசாரித்தது. அவர்களில் 124 பேர் அதற்கு முந்தைய ஓராண்டில் கஞ்சா புகைத்தவர்கள். புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. அதன்பின் விரைவாகக் குறைந்தது. அந்த ஒரு மணி நேரத்தைக் கவனியுங்கள். புத்தி தெளிவாக இருக்கிறது, எனக்கு ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும் நேரமும் அதுவே.

பிரான்சின் போதைப்பொருள் கண்காணிப்பு அமைப்புக்கு 2006 முதல் 2010 வரை கஞ்சா தொடர்பாக வந்த 1,979 அறிக்கைகளில் 35 இதயம், இரத்தக்குழாய் தொடர்பானவை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்த 35 பேரின் சராசரி வயது 34, பெரும்பாலோர் ஆண்கள், அவர்களில் 9 பேர் இறந்தார்கள்.

2024இல் அமெரிக்காவில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, நாள்தோறும் கஞ்சா பயன்படுத்துவோரிடம் மாரடைப்பு 25 விழுக்காடும் பக்கவாதம் 42 விழுக்காடும் கூடுதலாகக் காணப்பட்டன. 2025இல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கஞ்சா பயன்படுத்துவோரிடம் இதயநோய் மரணம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

நேர்மையாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. இவற்றில் பல, மக்களைக் கவனித்துக் கணக்கெடுத்த ஆய்வுகள். கஞ்சாவே காரணம் என்று ஐயமற நிறுவுபவை அல்ல. புகையிலையும் வேறு பழக்கங்களும் உடன் கலந்திருக்கலாம். ஆயினும் 2024 ஆய்வில், புகையிலையையே தொடாதவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை. நலமான ஓர் இளைஞருக்கு ஒரு முறையில் நேரும் ஆபத்து சிறியதாக இருக்கலாம். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது நாற்பதைக் கடந்த, சர்க்கரை உள்ள, இரத்த அழுத்தம் உள்ள, இரவில் வாகனம் ஓட்டும் மனிதரைப் பற்றி. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு பிறரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதை 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் காட்டியுள்ளது. தம் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்பது அவருக்கே தெரியாது.

புகைக்காமல் உண்டால் என்ன என்று சிலர் கேட்பர். உண்ணும்போது கார்பன் மோனாக்சைடு இல்லை. நாடித்துடிப்பை உயர்த்தும் பொருள் உள்ளேதான் இருக்கிறது. விளைவு தாமதமாகத் தெரிவதால், ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணி மேலும் உண்டுவிடுவோர் உண்டு. மருத்துவத்துக்குப் பயன்படுகிறதே என்றால், ஆம், கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் சில வகை வலிப்புநோய்க்கு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது மருத்துவர் அளந்து கொடுப்பது. தேவையை ஒட்டி மருந்தை அனுமதிக்கும் சட்டத்தை நம் ஃபுகஹாக்கள் என்றோ எழுதிவிட்டார்கள். தெருமுனையில் வாங்கும் பொட்டலத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

ஐந்தில் ஒன்றா, இரண்டா?

ஷரீஅத் காக்க வந்தவை ஐந்து என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) முதலான அறிஞர்கள் வகுத்தார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம். இத்தனை நூற்றாண்டுகளாகக் கஞ்சாவின் வழக்கு அறிவின் பெயரால் நடந்தது. இன்று உயிரும் வாதியாக வந்து நிற்கிறது. உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள், உங்கள் கைகளாலேயே அழிவில் விழாதீர்கள் என்ற கருத்துடைய கட்டளைகள் ஸூரத்துன் னிஸாவிலும் ஸூரத்துல் பகராவிலும் உள்ளன. அறிவைத் தொடாத சிறிய அளவு என்ற வாதம் உயிரின் முன்னால் நிற்காது. அந்தச் சிறிய அளவே நாடியை விரைவாக்குகிறது. இது என் ஃபத்வா அன்று. உங்கள் ஜமாஅத்தின் ஆலிம்களிடம் கேளுங்கள். அவர்களிடம் கேட்கும்போது புத்தியைப் பற்றி மட்டும் சொல்லாமல், மருத்துவர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குடும்பத்தாருக்கு

நம் வீடுகளில் மானம் பெரிது. அதனால் நேரும் பேராபத்து ஒன்று உண்டு. நெஞ்சுவலியோடு ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்போது, என்ன பழக்கம் உண்டு என்று மருத்துவர் கேட்டால், மனைவியும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒன்றுமில்லை டாக்டர் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது நற்செயல் என்பது உண்மையே. ஆனால் அது ஊராரிடம் மறைப்பதற்குரிய பண்பு. உயிரைக் காக்க முனையும் மருத்துவரிடம் மறைப்பதற்குரியது அன்று. எப்போது, எவ்வளவு, புகைத்தாரா உண்டாரா என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்து மாறக்கூடும்.

புகைத்த பின் நெஞ்சில் இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, காரணமற்ற வியர்வையோ மூச்சுத்திணறலோ வந்தால், வாயு என்று இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். கருவடிக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டரிலேயே ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. அதன் வாசல் வரை போக வெட்கமே தடை என்றால், அந்த வெட்கம் ஈமானின் வெட்கமன்று.

விட நினைப்பவர்களை இழிவாகப் பேசாதீர்கள். பற்களைப் பிடுங்கிய அமீரின் கதை நமக்கு முன்னால் இருக்கிறது. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, அதற்கு முந்தைய ஓராண்டில் பங்கும் கஞ்சாவும் சரஸும் பயன்படுத்திய இந்தியர் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர். அவற்றால் சிக்கலுற்று உதவி தேவைப்பட்டோர் ஏறத்தாழ 72 இலட்சம். இது ஒரு குடும்பத்தின் தனி அவமானமன்று. விடும்போது சில நாள்கள் எரிச்சலும் உறக்கமின்மையும் வரும். அந்த நாள்களில் வீட்டார் பொறுமையாக இருப்பது மிகப் பெரிய உதவி. அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமின்றி அழைக்கலாம். அடிமைப்பட்டவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் 1985 சட்டத்தின் 64ஏ பிரிவு வழிவைத்துள்ளது.

பைபர்ஸின் தடை, அமீரின் குறடு, ஆணையத்தின் ஏழு தொகுதிகள், ஜெனீவாவின் உடன்படிக்கை எல்லாம் வந்து போயின. ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வந்தது. உடலின் ஓர் உறுப்பு சீராக இருந்தால் உடல் முழுதும் சீராகும், அது கெட்டால் உடல் முழுதும் கெடும், அதுவே இதயம் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் சொன்னது, ஹலாலும் ஹராமும் தெளிவானவை, இடையில் உள்ளவை ஐயத்துக்குரியவை என்று விளக்கிய அதே பேச்சில்தான். அறிஞர்கள் அதை உள்ளத்தின் தூய்மைக்கே முதன்மையாக விளக்கினார்கள். நாமும் அப்படியே விளங்குகிறோம். ஐயத்துக்குரியதை விட்டு விலகுபவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்றும் அங்கே வருகிறது. அவர் தம் பிள்ளைகளுக்கு ஒரு தந்தையையும் காத்துக்கொடுக்கிறார்.

அல்லாஹ் நம் அறிவையும் உயிரையும் காப்பானாக. சோதனையில் இருப்பவர்களுக்கு மீளும் வழியை எளிதாக்குவானாக. ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

வஸ்ஸலாம்.